கோழிக்கு அம்மையா? கொண்டையை விட்டுவிட்டு கண்ணையும் வாயையும் பாருங்கள்

ஐப்பசி அடைமழை கொஞ்சம் ஓய்ந்ததும் எங்கள் தெருவில் ஆரம்பித்துவிடும், "உங்க வீட்டுக் கோழிக்கும் போட்டுருச்சா?" என்ற விசாரிப்பு. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. வழக்கம்போல ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் தை அறுவடை வரை எங்கே பார்த்தாலும் ஈரம்தான், வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், கொல்லையில் கவிழ்க்காமல் போட்ட கொட்டாங்கச்சியில்கூட தண்ணீர். கொசுவுக்கு இதைவிட என்ன வேண்டும். கோழி அம்மை ஊருக்குள் பரவுவதில் பெரும்பங்கு இந்தக் கொசுவுக்குத்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை எங்கள் வீட்டில் அம்மை வந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சிறுவிடைப் பெட்டை, மூன்று ஈடு குஞ்சு பொரித்தது. கொண்டை முழுக்க கறுப்பு கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. தினமும் காலையில் பிடித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து கொண்டையில் தடவி, பக்கத்தில் ஒரு சட்டியில் நொய்யும் இன்னொரு சட்டியில் தண்ணீரும் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பொருக்கெல்லாம் காய்ந்துகொண்டு வந்தது, தேறிவிடும் என்று நினைத்தேன். ஆறாம் நாள் செத்துக் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் பஞ்சு மூட்டை மாதிரி எடையே இல்லை, நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் கையில் குத்துகிறது, கழுத்தடியில் தீனி சேரும் இரைப்பை ஒட்டிப்போய் வெறும் தோலாக இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு மூடியிருந்ததை நான் அத்தனை நாளும் கவனிக்கவே இல்லை. சாப்பாடு ஒரு முழ தூரத்தில் இருந்தது, அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

கொண்டையில் வரும் அம்மையால் கோழி சாவது குறைவு. கண் மூடியதால் பட்டினி கிடந்தும், தொண்டை அடைத்து மூச்சு முட்டியும் சாவதுதான் அதிகம். அதனால் கீழே அறிகுறி அறிகுறியாகச் சொல்லும்போது எதற்கு அவசரப்பட வேண்டும், எதை அதன் போக்கில் விடலாம் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன்னால்

பகலில் துரத்திப் பிடித்தால் கோழியும் இரைக்கும், நீங்களும் இரைப்பீர்கள், மூச்சுத் திணறல் நோயாலா ஓட்டத்தாலா என்று தெரியாது. இருட்டியபின் கூட்டில் அடங்கியதும் போங்கள். கோழியை இடது கக்கத்தில் இடுக்கி, சிறகு அடிக்காதபடி முழங்கையால் அணைத்துக்கொண்டு, அதே கையால் தலையைப் பிடியுங்கள். செல்போன் டார்ச் போதும், இன்னொருவர் பிடித்தால் நல்லது. வரிசை இதுதான்: இரண்டு கண், அலகின் இரண்டு ஓரம், வாய்க்குள், பிறகு இரைப்பை, கடைசியாகக் கொண்டையும் தாடியும். ராத்திரி அடங்கும்போது இரைப்பை புடைத்து இருக்க வேண்டும். தொளதொளவென்று காலியாக இருந்தால் அந்தக் கோழி இன்று தின்னவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் என் பெட்டை பிழைத்திருக்கும்.

நல்ல கோழிகளை முதலில் பார்த்துவிட்டு சீக்குக் கோழியைக் கடைசியில் தொடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கொண்டையில், தாடியில் புள்ளி புள்ளியாக இருக்கிறது

எல்லாப் புள்ளியும் அம்மை இல்லை. சேவல் சண்டை போட்டால் கொண்டையில் கறுப்பாக ரத்தம் உறைந்து நிற்கும். அது தட்டையாக, கோடு கோடாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் தானாக உதிரும், புதிதாக வராது. அம்மை அப்படி இல்லை. முதலில் வெளிர் நிறத்தில் கடுகு அளவுக்கு முண்டு முண்டாகக் கிளம்பும், பிறகு மஞ்சள் பூத்து பெரிதாகும், பக்கத்தில் இருப்பவை ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும், கடைசியில் கறுப்பும் பழுப்புமாகக் காய்ந்து மரு மாதிரி தடித்து நிற்கும். இறகு இல்லாத இடமாகப் பார்த்து வரும்: கொண்டை, தாடி, கண் இமை, அலகு ஓரம், காது மடல். கழுத்தறுத்தான் கோழியாக இருந்தால் அந்த வெறும் கழுத்திலும் பாருங்கள்.

இன்னொன்று ஒட்டுத் தெள்ளு. கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்பு கறுப்பாக கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அம்மைப் பொருக்கு என்றே தோன்றும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரம் வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கோழியை டார்ச் அடித்துப் பார்த்தால் பொருக்குக்குக் கால் இருந்தது. "ஏன் தம்பி, இதுக்கா நான் ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்?" என்று அவர் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தெள்ளு என்றால் வேஸ்லினைக் கனமாக அப்பிவிட்டால் மூச்சு முட்டிச் செத்து விழும். அப்படியே கூட்டின் அடிமண்ணையும் வாரிக் கொட்டி மாற்றுங்கள்.

கொண்டை முழுக்க அரிசி மாவு தூவியதுபோல வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சைப் படர்தாமரை, அம்மை அல்ல.

சரி, அம்மைதான் என்று தெரிந்துவிட்டது, கண் தெளிவாக இருக்கிறது, வாய் சுத்தமாக இருக்கிறது, இரைப்பை நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தனியாகப் பிரித்து கொசு புகாத இடத்தில் வையுங்கள், நாளுக்கு ஒரு தடவை பஞ்சில் பெட்டாடின் தொட்டு பொருக்கின் மேல் ஒற்றுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாக உதிரும். நகத்தால் பிய்க்காதீர்கள். பிய்த்தால் ரத்தம் வரும், அந்தப் புண்ணில் சீழ் பிடிக்கும், பிய்த்த பொருக்கு எங்கே விழுகிறதோ அங்கேயெல்லாம் நோயை விதைத்தது போல. காய்ந்த பொருக்குக்குள் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கண் வீங்கியிருக்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கிறது

இங்கே நிதானமாகப் படியுங்கள், முக்கால்வாசி கோழிகள் தப்புவதும் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் மோந்து பாருங்கள். ஆமாம், முகத்துக்குக் கிட்டே போய். கண்ணோடு சேர்ந்து முகமே ஒரு பக்கம் உப்பி, மூக்கில் சளி ஒழுகி, அழுகிய நாற்றம் அடித்தால், அதுவும் இரண்டு மூன்று நாளில் கூட்டில் பாதிக் கோழிக்கு வந்துவிட்டால், அது அம்மையைவிட கோழிச்சளி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது பாக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் போங்கள். அம்மை இவ்வளவு வேகமாக ஓடாது. வைரஸ் உள்ளே போய் நான்கு நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் முதல் முண்டே தெரியும், இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று மெதுவாகத்தான் கூட்டைச் சுற்றும்.

நொய்யும் தவிடும் மட்டுமே தின்று வளர்கிற கோழிக்கு வைட்டமின் ஏ பற்றாமல் கண் ஒட்டுவதும் உண்டு. நம் பக்கம் அரிசி மலிவு என்பதால் இது நிறைய. கொண்டையில் ஒரு முண்டுகூட இல்லாமல் கண் மட்டும் ஒட்டி, உள்ளே வெள்ளையாகத் தயிர்த் திப்பி மாதிரி இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். முருங்கைக்கீரையை நறுக்கிப் போடுங்கள், கொஞ்சம் மஞ்சள் மக்காச்சோளம் கலந்து கொடுங்கள். அம்மை வந்த கோழிக்கும் இதே தீனி நல்லதுதான்.

இமை ஓரத்தில் முண்டும் பொருக்கும் இருக்கிறதா, அது அம்மை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் தட்டையாக ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து ஆறவிடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பஞ்சை நனைத்து கண்ணின் மேல் இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டே இருங்கள், தேய்க்க வேண்டாம். ஒட்டியது ஊறி இளகும். ஊறியதும் இமையை மெல்ல விலக்கினால் பெரும்பாலும் உள்ளே கண் நன்றாகவே இருக்கும், நம்மைப் பார்த்துச் சிமிட்டும். அந்த நேரத்துச் சந்தோஷமே தனி. விலகவில்லை என்றால் விடுங்கள், சாயங்காலம் மறுபடி. பலவந்தமாகப் பிரித்தால் விழியே போகும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, ஒவ்வொரு கோழிக்கும் புதுப் பஞ்சு. கண்ணுக்குள் மஞ்சள், வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, தாய்ப்பால், எதுவும் வேண்டாம். கண் களிம்பு வேண்டுமா, எந்தக் களிம்பு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இனி சாப்பாடு. இரண்டு கண்ணும் மூடிய கோழிக்குச் சட்டியை வைத்துவிட்டு வருவது ஏமாற்று வேலை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்து, மூக்குத் துளை மூழ்காமல் அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட வையுங்கள். தண்ணீர் பட்டதும் அது தானாக உறிஞ்சி தலையைத் தூக்கி விழுங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தால் பதினைந்து இருபது மடக்குக் குடிக்கும். இதை நாளுக்கு நாலைந்து தடவை செய்யுங்கள். ஒரு பெரிய கோழிக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் தேவை. சிரிஞ்சில் ஏற்றி வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், நாக்கு தொடங்கும் இடத்தில், அதன் பின்பக்கம் இருக்கும் ஓட்டைதான் மூச்சுக்குழாய், அதில் போனால் நுரையீரலுக்குப் போய் அன்றைக்கே கதை முடியும். குடிக்கவே தெம்பில்லை என்றால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு.

தீனிக்கு பழைய சோற்றைப் பிழிந்து, அவித்த முட்டை மஞ்சள்கருவும் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து பட்டாணி அளவுக்கு உருட்டிக்கொள்ளுங்கள். அலகைத் திறந்து உருண்டையை நாக்குக்குப் பின்னால் வைத்தால் விழுங்கிவிடும். பெரிய கோழிக்கு இரைப்பை ஒரு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. முதல் நாள் நம்மைக் கீறும், மூன்றாம் நாள் கை பட்டதுமே தானாக வாயைத் திறக்கும். கோழிக்கே முட்டை கொடுக்கலாமா என்று என் மாமியார் முகம் சுளித்தார். கொடுக்கலாம்.

ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் சமாளித்துக்கொள்ளும், ஆனால் மற்ற கோழிகள் அந்தக் குருட்டுப் பக்கமாகவே வந்து கொத்தும். ஆகவே அதையும் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, கர் கர் என்று சத்தம் வருகிறது

டார்ச்சைப் பிடித்து வாய்க்குள் பாருங்கள். நாக்கின் மேல், அண்ணத்தில், மூச்சுக்குழாய் வாயைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பாலாடைக்கட்டி போலத் தடிப்பாக ஒட்டியிருந்தால் அது உள் அம்மை. வெளியே கொண்டையில் ஒன்றுமே இல்லாமல் இது மட்டும் வருவதும் உண்டு, அதனால்தான் பலர் சளி என்று நினைத்து மிளகு ரசம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கொண்டை அம்மையைவிட இது பல மடங்கு ஆபத்து, படலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் கோழி கழுத்தை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டே போய்விடும்.

இதை வீட்டில் சுரண்டாதீர்கள். அம்மைப் படலம் அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எடுத்தால் ரத்தம் கொட்டும், அந்த ரத்தமே மூச்சுக்குழாயில் இறங்கும். மருத்துவர் பார்த்து அடைப்பை மட்டும் எடுப்பார், அல்லது வாய்க்குப் பூச்சு தருவார். எங்களுக்கு ஒரு வசதி, ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு எது பக்கமோ அந்தக் கால்நடை மருந்தகத்துக்கு கோழியைக் காற்றோட்டமான கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள், பாலித்தீன் பையில் போட்டு தலையை மட்டும் வெளியே விட்டுத் தூக்கிப் போகாதீர்கள், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிறது.

புறாவும் கோழியும் ஒரே சட்டியில் தண்ணீர் குடிக்கிற வீடாக இருந்தால் ஒரு வகை ஒட்டுண்ணியாலும் வாய்க்குள் இதே மாதிரி மஞ்சள் கட்டி வரும், பார்வைக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் புறா இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாய் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் திறந்து திறந்து மூச்சு விடுகிறது என்றால் சித்திரை வெயிலில் வெறும் சூடாக இருக்கலாம், நிழலில் வைத்து அரை மணி கழித்துப் பாருங்கள்.

காலில் பொருக்கு

விரலிலும் காலிலும் அம்மை வரும், ஆனால் அரிது. கால் செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியதுபோல தடித்திருந்தால் அது செதில் பூச்சி. வாரத்தில் இரண்டு மூன்று தடவை வேப்பெண்ணெய் தடவினால் சில வாரத்தில் சரியாகும்.

குஞ்சுகளுக்கு வந்துவிட்டது

பெரிய கோழியைப் போல இது தாங்காது. மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரையிலான குஞ்சுகளுக்கு முகம் சின்னது, நாலு முண்டு வந்தாலே இரண்டு கண்ணும் மூடிவிடும், ஒரு நாள் தின்னாவிட்டால் மறுநாள் சிறகைத் தொங்கப் போட்டு நிற்கும், அதற்கடுத்த நாள் இருக்காது. தாயோடு விட்டால் தாய் கூட்டிக்கொண்டு போகிற இடத்துக்குப் போக முடியாமல் கொல்லையில் எங்கேயாவது நின்றுகொண்டு கத்தும், காக்கை தூக்கிவிடும். பிரித்து எடுத்து அட்டைப் பெட்டியில் வைக்கோல் தூள் பரப்பி, ராத்திரி சின்ன பல்பு போட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டிவிடுங்கள். மேலே சொன்ன அதே வேலைதான், உருண்டை மட்டும் மிளகு அளவு, நாளுக்கு ஐந்தாறு தடவை. வேலை பெண்டு நிமிரும். எட்டுக் குஞ்சில் ஆறைக் காப்பாற்றிய வருடமும் உண்டு, இரண்டை மட்டும் காப்பாற்றிய வருடமும் உண்டு.

கொத்துக் கொத்தாகச் சாகிறது

அப்படியானால் அம்மையை மறந்துவிடுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகி, காலை இழுத்து இரண்டு மூன்று நாளில் கூடு காலியானால் அது வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பார்களே அது. கொண்டையும் தாடியும் நீலம் பூத்து ராத்திரியோடு ராத்திரியாகப் பல கோழிகள் விழுந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது செத்ததைக் கையால் தொடவோ வாய்க்காலில் வீசவோ வேண்டாம், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். விற்கவோ அறுக்கவோ செய்யாதீர்கள். அம்மை வந்து நொந்திருக்கிற கோழிக்கு மேலே கழிச்சலும் சேர்ந்து வருவது உண்டு, அதனால் கொண்டையில் பொருக்கு இருக்கிறது என்பதற்காக அம்மைதான் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

என்ன மருந்து கொடுக்கலாம்?

அம்மை வைரஸைக் கொல்கிற மருந்து கிடையாது. கடையில் போய்க் கேட்டால் ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் பொடியைத் தருவார்கள், எனக்கும் தந்தார்கள், நானும் தண்ணீரில் கலக்கி வைத்தேன். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. புண்ணில் சீழ் பிடித்திருந்தால் மட்டும்தான் பயன், அதுவும் மருத்துவர் சொன்ன மருந்து, சொன்ன அளவு, சொன்ன நாள். அதைக் கொடுக்கிற நாளிலும் அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் முட்டையைச் சாப்பிடாதீர்கள்.

நாட்டு வைத்தியத்தில் எங்கள் பக்கம் வேப்பிலை, துளசி, பூண்டு, சீரகம், மஞ்சள் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுகிறோம். பொருக்கு வெடிக்காமல் மெத்தென்று இருக்கும், ஈ மொய்க்காது. அந்த அளவுக்கு நல்லது, நானும் பூசுகிறேன். கொண்டைக்கும் தாடிக்கும் மட்டும், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் ஒரு விரல் தள்ளியே. மண்ணெண்ணெய் தடவுவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கூட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் அம்மை போட்டிருக்கிறது, தொடக்கூடாது என்று கோழியைத் தொடாமலே விட்டால் அது பட்டினியில் போகும்.

இன்னொரு பயம், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்பது. ஒட்டாது. மனிதர்களுக்கு வரும் சின்னம்மை வைரஸ் வேறு குடும்பம், கோழி அம்மை வைரஸ் வேறு குடும்பம், பெயரில்தான் ஒற்றுமை. வான்கோழி வைத்திருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும், அதற்கு வரும்.

தடுப்பூசி போட்டேனே, அப்புறம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். பிப்ரவரியில் நடக்கும் அரசு முகாமில் போடுவது வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான ஊசி. அது அம்மையைத் தடுக்காது. அம்மைக்குத் தனித் தடுப்பூசி உண்டு, ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிற அரசு நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது, தனியாரும் விற்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சுக்குப் போட வேண்டும். சிறகை விரித்தால் முன்பக்கம் முக்கோணமாக ஒரு மெல்லிய சவ்வு தெரியும் அல்லவா, அதில் நரம்பில் படாமல், இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்துக் குத்துவது வழக்கம். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் குத்திய இடத்தில் சின்ன வீக்கமோ பொருக்கோ தெரிய வேண்டும், தெரிந்தால் ஊசி பிடித்துவிட்டது. பெரும்பாலான குஞ்சில் ஒன்றுமே இல்லை என்றால் மருந்து வரும் வழியில் சூடாகிக் கெட்டிருக்கலாம், மறுபடி போட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் போகும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், நம்மிடம் இருப்பது பத்துக் கோழி. நாங்கள் தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்துகொள்கிறோம். ஒருவர் ஐஸ் டப்பாவில் மருந்து வாங்கி வருவார், எல்லோரும் முதல் நாள் ராத்திரியே கோழியை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருப்போம், விடிந்ததும் மருந்தக ஊழியர் வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். இதை ஆடி, ஆவணியில் முடித்துவிட்டால் ஐப்பசிக் கொசுவுக்கு முன்னால் எதிர்ப்பு சக்தி வந்துவிடும், அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். கூட்டில் ஒன்றிரண்டுக்கு மட்டும் அம்மை வந்திருக்கிறது என்றால் மீதி நல்ல கோழிகளுக்கு உடனே போடலாம். பாதிக் கூட்டுக்கு மேல் வந்துவிட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. ஒரு தடவை வந்து தேறிய கோழிக்கு ஊசி வேண்டாம், அநேகமாக மறுபடி வராது.

ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வருகிறது

அப்படியானால் கொசுவையும் பொருக்கையும் பாருங்கள். கொசு ஒரு சீக்குக் கோழியைக் கடித்துவிட்டு வாயில் வைரஸை ஒட்டிக்கொண்டு அடுத்த கோழிக்குப் போகும், வாரக்கணக்கில் அதைச் சுமக்கும். வயல் தண்ணீரை நாம் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கூட்டுக்குப் பத்தடி சுற்றளவில் கொட்டாங்கச்சி, டயர், உடைந்த பானை, மாட்டுத் தொட்டி இவற்றைக் கவனிக்க முடியும். மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கூடு இருந்தால் நகர்த்துங்கள், அங்கேதான் கொசு அடை. நானாகச் செய்ததில் நல்ல பலன் கொடுத்தது பழைய கொசுவலை: கிழிந்துபோனதைத் தூக்கிப் போடாமல் தைத்து, பொழுது சாய்வதற்கு முன்னால் பஞ்சாரத்தின் மேல் போர்த்தி ஓரத்தில் செங்கல் வைத்துவிடுவேன். வேப்பிலை, நொச்சி மூட்டம் போடுவதென்றால் கூட்டுக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்பக்கம். அடைத்த கூட்டுக்குள் புகை போட்டால் கொசுவை முந்திக்கொண்டு கோழி மயங்கும்.

உதிர்ந்த பொருக்கு, கூட்டுக் குப்பை, இறகு எல்லாவற்றையும் கூட்டி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கூட்டைக் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவைத்து சுண்ணாம்பு அடியுங்கள். அப்புறம் சந்தைக் கோழி. வாரச் சந்தையில் கொண்டை பளபளவென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சேவல்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கொல்லைக்கு அம்மையைக் கொண்டுவந்தது, வாங்கி எட்டாம் நாள் அதன் இமையில் முதல் முண்டு. இப்போது எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் முன் திண்ணையில் தனிக் கூண்டு.

தேறிய கோழியை எப்போது கூட்டத்தில் விடுவது என்றால், கடைசிப் பொருக்கும் தானாக உதிர்ந்து, அடியில் தோல் வெளிறிப்போய்த் தெரிந்து, மேலும் ஒரு வாரம் போகட்டும். விடுவதைச் சாயங்காலம் மற்றவை கூடு அடையும் நேரத்தில் விடுங்கள், பகலில் விட்டால் புதுக் கோழி என்று கொத்தியே மறுபடி புண்ணாக்கிவிடும். முட்டை நின்றுபோயிருந்தால் பதற வேண்டாம், உடம்பு தேறியதும் திரும்ப வைக்கும். போன மார்கழியில் இரண்டு கண்ணும் மூடிப் பதினோரு நாள் என் கையால் உருண்டை வாங்கித் தின்ற பெட்டை ஒன்று மாசிக் கடைசியில் வைக்கோல் போருக்குள் போய் முட்டையிட ஆரம்பித்தது. இன்னும் பழக்கம் போகவில்லை, நான் கொல்லையில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.